குடும்பச் சூழ்நிலை காரணமாக

நம்மிடையே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளப்படாத உரைநடை வகைகள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்று, பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதித் தருகிற கடிதம். வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவர் ஆபீசர் பரீட்சை எழுதி, நேர்காணலுக்குப் போய், பட்டியலில் பெயர் வந்து, எந்த ஊர் என்ற உத்தரவும் வந்த பின் எழுதுகிற கடிதம் இது. நான்கு வரிகளுக்கு மேல் போகாது. மேலே உத்தரவின் எண், தேதி. பிறகு நிர்வாகத்துக்கு நன்றி. பிறகு 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்ற தொடர். பிறகு மறுப்பு, கையெழுத்து. ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. ஆனால் அது புறப்பட்டு வருவது தமிழ் வீடுகளிலிருந்து.

பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தவன் என்ற ஒரே காரணத்தால், என் பத்து வருஷ உத்தியோகத்தில் இப்படிப்பட்ட கடிதங்கள் ஒன்பதை நான் எழுதியிருக்கிறேன். எட்டு, உடன் வேலை பார்க்கும் பெண்களுக்கு. ஒன்று, எனக்கு. ஒரு வகையில் ஒன்பது பிரதிகள் கையில் இருக்கும்போது அந்த வகையைப் பற்றி ஒரு அபிப்ராயம் உருவாவதைத் தவிர்க்க முடியாது. பரீட்சைக்கு விண்ணப்பமே போடாதவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்களுடையது எழுதப்படாத கடிதம். எண்ணிக்கையில் அதுவே அதிகம்.

முதலில் மொழியைப் பார்க்கலாம். குடும்பம் என்ற சொல்லில் ஆட்கள் இருக்கிறார்கள். கணவன் இருக்கிறான், மாமியார் இருக்கிறார், பன்னிரண்டாவது படிக்கிற பெண் இருக்கிறாள். 'சூழ்நிலை' என்று பின்னால் ஒட்டியதும் ஆட்கள் எல்லோரும் மறைந்து தட்பவெப்பம் மாதிரி ஒன்று வந்துவிடுகிறது. மழை காரணமாக ஆட்டம் நிறுத்தப்பட்டது என்கிறோமே, அது போல. மழையை யாரும் குற்றம் சொல்வதில்லை. 'காரணமாக' என்ற சொல்லும் விசித்திரமானது. காரணம் ஒன்று உண்டு என்று அறிவிப்பதன் மூலமாகவே அதைச் சொல்லாமல் விட அனுமதி வாங்கிக்கொள்கிறது. எழுதுபவருக்கும் இது சௌகரியம், படிப்பவருக்கும் சௌகரியம். வட்டார அலுவலகத்தில் இந்தக் கடிதம் ஒரு பதிவேட்டில் ஏறும்போது 'விருப்பமில்லை' என்று ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அதன்பிறகு மேலதிகாரிகள் சொல்வதில் பொய்யே இல்லை: "நாங்க குடுத்தோம். அவங்களேதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

இந்த வாக்கியத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அது இலக்கியத்தில் இல்லை, நியமன உத்தரவுகளில் இருக்கிறது.

1951ல் அன்னா ராஜம் ஐ.ஏ.எஸ்.ஸில் தேர்வாகிறார். அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண். நேர்காணலில் வெளிநாட்டுப் பணி போன்றவை பெண்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று அவரைத் திருப்பப் பார்த்தார்கள். அவர் சென்னை மாகாணத்தைக் கேட்டு வாங்கி, ஓசூரில் சப்-கலெக்டராக உட்கார்ந்தார். அவருக்கு வந்த நியமன உத்தரவில், திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்று எழுதியிருந்தது. சில வருஷங்களில் அந்த விதி போயிற்று. அவர் பின்னால் மணந்துகொண்ட ஆர்.என். மல்ஹோத்ரா 1985 முதல் 1990 வரை ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவர்.

அவருக்கு இரண்டு வருஷம் முன்பு, 1949ல், சென்னையில் படித்த சி.பி. முத்தம்மா வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். அங்கேயும் முதல் பெண். மணம் செய்துகொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசாங்கம் கருதினால் ராஜினாமா செய்ய வேண்டும் என்று அந்தப் பணியின் விதி சொல்லிற்று. முப்பது வருஷம் கழித்து, மேல்நிலைக்கு வேண்டிய பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது, அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979ல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதுவதற்குள் அரசாங்கம் அவசரமாகப் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. வழக்கு அதனால் தள்ளுபடியாயிற்று. ஆனாலும் பணிவிதிகளில் இருக்கிற ஆண் சார்பைக் களைந்தெடுக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டுத்தான் தள்ளினார்.

1981ல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கு. முதல் கர்ப்பத்தோடு வேலை முடிந்தது என்ற விதியை நீதிமன்றம் அடித்தது. வேலையில் சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் மணம் செய்துகொண்டால் வேலை போகும் என்ற விதியை அப்படியே விட்டது. 1991ல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளராகச் சேர்ந்த நீரா மாத்தூரின் வழக்கு. அங்கே ஒரு படிவம் இருந்தது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருவுற்றாய், எத்தனை முறை கலைந்தது என்று அது கேட்டது. சரியாக நிரப்பவில்லை என்று சொல்லி, பிரசவத்துக்குப் பின் அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. படிவத்திலிருந்து அந்தக் கட்டங்களை நீக்கவும் சொன்னது.

இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று புலப்படுகிறது. அப்போது தடை எழுத்தில் இருந்தது. எழுதியது ஸ்தாபனம். எழுத்தில் இருந்ததனால் அதை ஒரு நீதிபதி முன்னால் கொண்டுபோய் வைக்க முடிந்தது. வரி வரியாகப் படித்துக்காட்டி அடிக்க முடிந்தது. இன்று நியமன உத்தரவில் அந்த வாக்கியம் இல்லை. அது அழிந்துபோய்விட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஸ்தாபனம் பெண்ணுக்கு எழுதிய கடிதத்திலிருந்து, பெண் ஸ்தாபனத்துக்கு எழுதுகிற கடிதத்துக்கு வந்துவிட்டது. தன் கையெழுத்துக்கு எதிராக யாரும் ரிட் மனுப் போட முடியாது.

பெண்கள் தலைமைக்கு வருவது பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. மார்ச் 8ஆம் தேதி எங்கள் கிளையில் பெண்களுக்கு ஒரு ரோஜாவும் ஒரு கேக் துண்டும் உண்டு. ஸ்பெஷல் சுற்றறிக்கை ஒன்று வரும். அதில் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களை நான் அலட்சியம் செய்யவில்லை. 1993ல் தர்ஜனி வகீல் எக்ஸிம் வங்கியின் தலைமைக்கு வந்தபோது இந்திய வங்கித் துறையில் அது முன்மாதிரி இல்லாத விஷயம். 2000த்தில் ரஞ்சனா குமார் சென்னையில் இந்தியன் வங்கியின் பொறுப்பை ஏற்றபோது, 1995-96ல் ஆயிரத்து முந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியிருந்த வங்கி அது. தேறாது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் தேற்றினார். 1977ல் ப்ரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்த அருந்ததி பட்டாச்சார்யா 2013ல் ஸ்டேட் வங்கியின் தலைவரானார். 1806ல் கல்கத்தாவில் தொடங்கிய ஒரு வங்கியின் வழிவந்த அந்த ஸ்தாபனத்துக்கு அதுவரை பெண் தலைவர் கிடையாது. குழந்தையையோ முதியவர்களையோ பார்த்துக்கொள்ள இரண்டு வருஷம்வரை பெண்கள் சம்பளமில்லா விடுப்பில் போய், வேலைக்குத் திரும்பலாம் என்று அவர் காலத்தில் ஒரு ஏற்பாடு வந்தது. வேலையை விடுவதா வீட்டை விடுவதா என்ற கேள்விக்கு நடுவில் ஒரு மூன்றாவது கதவு திறந்தது.

அவர் 2017ல் ஓய்வு பெற்றார். 2021 டிசம்பர் 31ஆம் தேதியிட்டு அதே வங்கியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வேலைக்குத் தேர்வான பெண் மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருந்தால் தற்காலிகமாகத் தகுதியற்றவர், பிரசவமாகி நான்கு மாதத்துக்குள் வந்து சேரலாம் என்று அது சொல்லிற்று. 2009லிருந்து ஆறு மாதம்வரை சேரலாம் என்று இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, 2022 ஜனவரி 29ஆம் தேதி சுற்றறிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. இதில் யாருடைய துர்நோக்கத்தையும் நான் தேடவில்லை. மருத்துவத் தகுதி விதிகளைப் புதுப்பிக்க யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், பழைய வாக்கியம் தானாகவே பேனாவுக்கு வந்திருக்கிறது. எனக்குப் பட்டது இதுதான்: நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பதைவிடப் படிவம் நீண்ட ஆயுள் கொண்டது. நாற்காலியில் இருப்பவர் நான்கு வருஷத்தில் போய்விடுவார். படிவத்துக்கு ஓய்வு வயது கிடையாது.

நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட வாக்கியங்களிலும் இதே பேனாதான் ஓடுகிறது. 2014ல் நிதி அமைச்சகம் அரசு வங்கிகளுக்கு ஒரு யோசனை அனுப்பியது. மணமான பெண் ஊழியர் கேட்டால் கணவர் இருக்கும் ஊரிலோ அதற்குப் பக்கத்திலோ, மணமாகாதவர் கேட்டால் பெற்றோர் இருக்கும் ஊரிலோ அதற்குப் பக்கத்திலோ போடுங்கள் என்று. பலருக்கு இது உபயோகப்பட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இதனால் வேலையை விடாமல் இருந்தார்கள். ஆனாலும் ஒரு வாசகனாக இதைப் படிக்கும்போது இடறுகிறது. ஒரு பெண் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டே இடங்கள்தான் இதில் இருக்கின்றன. கணவன் ஊர், அல்லது அப்பா ஊர். அவளுக்கென்று ஒரு ஊர் இருக்கலாம், அவள் போன இடத்துக்குக் கணவன் வரலாம் என்ற சாத்தியம் அந்த வாக்கியத்தின் இலக்கணத்திலேயே இல்லை.

எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். 2013 கம்பெனிச் சட்டம் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சொன்னபோது, பல கம்பெனிகளில் முதலாளியின் மனைவியும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். சிரித்தோம். பிறகு செபி, பெரிய கம்பெனிகள் முதல் ஐந்நூறில் 2019 ஏப்ரலிலிருந்தும், ஆயிரத்தில் 2020 ஏப்ரலிலிருந்தும், குடும்பத்தோடு சம்பந்தமில்லாத சுயேச்சையான பெண் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. எண்ணத் தொடங்கினால்தான் எண்ணுவதில் உள்ள ஏமாற்றும் வெளியே வருகிறது. 1977ல் ரோசபெத் மாஸ் கான்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு பெரிய கம்பெனியை உள்ளிருந்து பார்த்து எழுதிய புத்தகத்தில், நூறு ஆண்களுக்கு நடுவே நான்கைந்து பெண்கள் இருந்தால் அவர்கள் தனி மனிதர்களாக இருக்க அனுமதிக்கப்படுவதில்லை, தங்கள் இனம் முழுவதற்கும் மாதிரியாக நிறுத்தப்படுகிறார்கள் என்று காட்டினார். எங்கள் வட்டாரத்தில் ஒரு பெண் மேனேஜர் கடன் ஒன்றைத் தவறாகக் கொடுத்தபோது 'லேடீஸ் மேனேஜர்னா இப்படித்தான்' என்றார்கள். அதே வருஷம் மூன்று ஆண் மேனேஜர்கள் அதே காரியத்தைச் செய்தார்கள். அவர்கள் தத்தம் பெயராலேயே திட்டப்பட்டார்கள்.

அதே புத்தகத்தில் இன்னொரு அத்தியாயம் உண்டு. மனைவிகளைப் பற்றியது. கம்பெனி ஒரு மேலதிகாரியை வேலைக்கு எடுக்கும்போது ஒரு சம்பளத்துக்கு இரண்டு பேரை எடுக்கிறது. ஒருவர் மேஜைக்கு வருகிறார், மற்றவர் அவர் மேஜைக்கு வர முடிகிறபடி வீட்டை நடத்துகிறார். நாற்காலி இந்த இரண்டு பேரின் உழைப்பை அளவாக வைத்துச் செய்யப்பட்டது. அதில் ஒரு பெண் வந்து உட்காரும்போது, அவள் தன் பங்குக்கு ஒருத்தியாகத்தான் வருகிறாள். 2023ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற க்ளாடியா கோல்டின், எந்த நேரமும் கூப்பிட்டால் வரக்கூடியவருக்கே அதிகம் கொடுக்கிற வேலைகளைப் பேராசை பிடித்த வேலைகள் என்கிறார். 'இந்தியாவில் எங்கும் பணிபுரிய சம்மதம்' என்று விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் எங்கள் ஸ்கேல்-1 வேலை அந்த இனம்தான்.

நம் கதைகளும் படங்களும் இந்த இடத்தைக் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். 1974ல் வந்த 'அவள் ஒரு தொடர்கதை' முதலாக நமக்கு வேலைக்குப் போகும் பெண்ணைத் தெரியும். அவள் பஸ்ஸில் போவது தெரியும், சம்பளம் வீட்டுக்கு வருவது தெரியும், அதை யார் தின்கிறார்கள் என்பதும் தெரியும். அந்த வேலையில் அவள் கெட்டிக்காரியா, அவளுக்கு மேலே போக ஆசை உண்டா, ஒரு முடிவு எடுத்துவிட்டு அன்று இரவு தூங்க முடிந்ததா என்பதெல்லாம் நம் கதாசிரியர்களைத் தொடவில்லை. உத்தியோகம் அவளுடைய தியாகத்துக்கு ஒரு மேடை. அவ்வளவுதான்.

விதிவிலக்காக எனக்குத் தோன்றுவது வங்காளத்தில் 1963ல் வந்த சத்யஜித் ராயின் 'மகாநகர்'. அதில் கணவன் வங்கி ஊழியன் என்பதால் எனக்கு அதன்மேல் தனி ஒட்டுதல். ஆரதி வீடு வீடாகப் போய் பின்னல் இயந்திரம் விற்கிறாள். விற்பதில் தனக்குத் திறமை இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறாள். அந்தக் கண்டுபிடிப்பு அவள் முகத்தில் நிகழ்வதை ராய் காட்டுகிறார். படத்தில் இரண்டு ராஜினாமாக்கள் இருக்கின்றன. முதலாவது, கணவனின் வற்புறுத்தலுக்காக. கடிதம் கொடுக்கப்படும் முன் அவன் வேலை பார்த்த வங்கி முழுகிப்போகிறது, 'கொடுத்துவிடாதே' என்று அவனே பதறிப்போய் டெலிபோன் செய்கிறான். இரண்டாவது, ஆங்கிலோ-இந்தியச் சகஊழியை எடித்தை முதலாளி அநியாயமாக வெளியே அனுப்பியதற்காக. வீட்டில் வேறு வருமானம் இல்லாத நாளில் அவள் அதைச் செய்கிறாள். இரண்டும் 'வேண்டாம்' என்கிற கடிதங்கள்தான். பதிவேட்டில் இரண்டும் ஒரே கட்டத்தில்தான் விழும். ஒன்று குடும்பச் சூழ்நிலை, மற்றது ஒரு மனுஷியின் முடிவு. வித்தியாசத்தைப் படம் பார்க்கிறவர்கள்தான் அறிவார்கள், கம்பெனி அறியாது.

எங்கள் கிளைக்கு வருகிறேன். கடைசியாக நான் எழுதிக்கொடுத்த கடிதம் எங்கள் தலைமைக் காசாளருடையது. பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று மேனேஜரிடம், மற்றது அவரிடம். ஒரு சாவியால் திறக்காது. பதினோரு வருஷமாக அந்தச் சாவி அவர் கைப்பையில் இருக்கிறது. அதற்குள் ஆறு மேனேஜர்கள் வந்து போய்விட்டார்கள். நகைக்கடனில் எந்த நகையை இரண்டாவது முறை உரசிப் பார்க்க வேண்டும், எந்த விவசாயி அறுவடை முடிந்தால் கட்டாயம் கட்டிவிடுவார், எந்தக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே வந்தால் செக் திரும்பப் போகிறது என்பதெல்லாம் ஆறு பேரும் அவரிடம் கற்றுக்கொண்டு போனவை. சென்ற வருஷம் பரீட்சை எழுதித் தேறினார். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கிளைக்கு உத்தரவு வந்தது.

வழக்கமான நான்கு வரிக்குத் தயாராக நான் காகிதத்தை எடுத்தேன். அவர், "சார், அந்த வார்த்தை வேண்டாம். என்ன இருக்கோ அதை எழுதுங்க" என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினோம். மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். செவ்வாய், வெள்ளி. கணவருக்குப் போக்குவரத்துக் கழகத்தில் ஷிப்ட் டூட்டி. மகள் பன்னிரண்டாவது. அவருடைய நாள் காலை நாலே முக்காலுக்குத் தொடங்கி இரவு பத்தே முக்காலுக்கு முடிகிறது என்பதை மணிக்கணக்காக எழுதினோம். முடிவில் பதவி உயர்வை மறுக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதச் சொன்னார். இரண்டு வருஷம் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் போடுங்கள், மகள் கல்லூரிக்குப் போன பின் நீங்கள் சொல்கிற ஊருக்குப் போகிறேன் என்று ஒரு தேதியும் போட்டார். ஒன்றரைப் பக்கம் வந்தது. நான் எழுதிய ஆங்கிலத்தில் அதுதான் நல்ல ஆங்கிலம் என்று நினைக்கிறேன். எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் அதில் ஆள் இருந்தது.

பத்து நாள் கழித்து வட்டார அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், லெட்டர் ரொம்ப நீளமா இருக்கு. ஒரு வரில எழுதிக் குடுத்துடுங்க, போதும்."

"எந்த வரி சார்?"

"அதான் மேடம், எல்லாரும் எழுதுவாங்களே. குடும்பச் சூழ்நிலைன்னு."

"அதைத்தான் சார் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கேன்."

"அது ஃபைல்ல நிக்காது மேடம்."

அவர் மாற்றி எழுதித் தரவில்லை. சேர வேண்டிய கெடு முடிந்தது. பதிவேட்டில் 'விருப்பமில்லை' என்று போட முடியாமல் 'சேரவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். இந்த வித்தியாசம் அவர் சம்பளத்தில் ஒரு ரூபாயும் சேர்க்காது. பெட்டக அறையின் சாவி இப்போதும் அவர் பையில்தான். ஏழாவது மேனேஜர் வந்திருக்கிறார், நகைக்கடன் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் வட்டார அலுவலகத்தின் ஒரு கோப்பில் அந்த ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. என்றைக்காவது யாராவது அதைத் திறந்தால், தட்பவெப்பத்துக்குப் பதிலாக ஆட்களைப் பார்ப்பார்கள்.

ஒன்பதாவது கடிதம் என்னுடையது என்றேன். ஐந்து வருஷம் முன்பு நானும் பரீட்சையில் தேறி, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதிலும் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்றுதான் இருந்தது. வட்டார அலுவலகத்தில் அதை யாரும் நம்பவில்லை. "உனக்கென்னப்பா குடும்பச் சூழ்நிலை? ஆம்பளை" என்று மேனேஜர் நேராகவே கேட்டார். அவர் கேட்டது நியாயம். என் காரணம் வேறு. ஆபீசரானால் இரவு எட்டரைக்குத்தான் வீட்டுக்கு வர முடியும். எனக்கு மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை படிக்கவும் எழுதவும் வேண்டும். இதைப் பதிவேட்டில் எழுத ஒரு கட்டம் கிடையாது.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இது சொந்தக் கதை. நம்மில் பதவி உயர்வை வேண்டாம் என்றவர்கள் ஒரு கை விரலுக்கு மேல் இருக்கிறார்கள். அதை ஒரு சிறு துறவு மாதிரி நாம் பேசிக்கொள்வதும் உண்டு. நமக்கு முன்னோடிகளும் இருக்கிறார்கள். எலியட் 1917 முதல் 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் உட்கார்ந்திருந்தார். 1922ல் பவுண்டு அவரை வங்கியிலிருந்து மீட்க ஒரு நிதியே திரட்டக் கிளம்பினார். கவிஞனின் மாலை நேரம் அவ்வளவு மதிப்புள்ள பொருள் என்று அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆனால் என் மாலை நேரம் எங்கிருந்து வந்தது என்று நான் கணக்குப் பார்த்தேன். வங்கி ஆறு மணிக்கு விட்டதால் மட்டும் வரவில்லை. ஆறு மணிக்கு நான் மேஜையில் உட்காரும்போது, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு நாலரைக்கு வந்த என் மனைவி பையனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அடுப்பில் நின்றாள். அவள் வேலை எட்டரைவரை நீடித்ததனால் என் மாலை எட்டரைவரை நீண்டது. நானும் தலைமைக் காசாளரும் ஒரே வாக்கியத்தை எழுத இருந்தோம். அவருக்கு அது நேரமில்லை என்று பொருள். எனக்கு நேரம் வேண்டும் என்று பொருள். அவர் வாக்கியம் உண்மையாக இருந்தும் அவருக்கு ஒன்றும் தரவில்லை. என் வாக்கியம் வேறு பொருளில் இருந்தும் எனக்கு ஐந்து வருஷ மாலைகளைத் தந்தது.

நம் சிறுபத்திரிகைகளின் சரித்திரம் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. 1959ல் 'எழுத்து' வந்ததிலிருந்து யார் தொடங்கினார், எத்தனை இதழ் வந்தது, யாருக்கும் யாருக்கும் சண்டை, எப்போது நின்றது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. வங்கி, தபால், தொலைபேசி, ரெவின்யூ ஆபீஸ் சம்பளங்களில் அவை நடந்தன என்பதையும் பெருமையாகச் சொல்கிறோம். உள்ளடக்கப் பக்கங்களை அடுக்கிவைத்துப் பெண் பெயர்களை எண்ணிப் பார்த்தால் நம் அலுவலகங்களைவிட நாம் மேல் என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் 1986ல் 'சொல்லாத சேதிகள்' என்றும், இங்கே 2001ல் 'பறத்தல் அதன் சுதந்திரம்' என்றும் பெண் கவிகள் தனித் தொகுப்புகளாக வர வேண்டியிருந்தது. நாமும் 'நாங்க கேட்டோம், அவங்கதான் எழுதித் தரலை' என்று சொல்லக்கூடியவர்கள்தான். எழுதித் தராதவர்களின் கடிதத்தில் என்ன இருந்திருக்கும் என்று நாம் கேட்டதில்லை. தரம் என்ற ஒரே சொல்லில் அதைச் சுருக்கிக் கட்டத்தில் போட்டுவிட்டோம். அந்தத் தரத்தை உண்டாக்க வேண்டிய மாலைகள் ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் இருந்தன என்பது இலக்கியத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று கருதினோம். என் வரையில் இது உருவத்தைப் பற்றிய கேள்வியைப் போலவே இலக்கியத்துக்கு உள்ளே உள்ள கேள்வி.

இந்த ஜூனில் என் மனைவி அவள் பள்ளியில் உதவித் தலைமை ஆசிரியை ஆனாள். கடிதம் எதுவும் எழுதவில்லை, சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்போது அவள் வீட்டுக்கு வர ஏழு ஆகிறது. பையனின் வீட்டுப்பாடமும் இரவுச் சமையலும் என்னிடம் வந்திருக்கின்றன. இரண்டிலும் நான் இன்னும் ஸ்கேல்-1க்குத் தேறவில்லை. படிப்பது காலை நாலரைக்கு மாறியிருக்கிறது. எழுதுவது பாதியாகக் குறைந்திருக்கிறது. எது குறைந்தால் நஷ்டம், எது குறைந்தால் நஷ்டமில்லை என்பது போகப்போகத் தெரியும். சென்ற இதழுக்குத் தருவதாகச் சொன்ன இந்தக் கட்டுரை மூன்று மாதம் தாமதமாகப் போகிறது. தாமதத்துக்குக் காரணம் கேட்டு ஆசிரியர் ஒரு கார்டு போட்டிருந்தார். ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை.